சீசன் வீட்டு அஸ்திவாரம்

மேலகரத்து வல்லிநாயகம் பிள்ளை யாரையும் நம்பமாட்டார். பால்காரன் கறந்துவிட்டு எழுந்தால் மடியைத் தானும் ஒருதரம் பிடித்துப் பார்ப்பார். பால்காரனும் மாடும் கூட்டுச் சேர்ந்து ஒளித்து வைத்திருந்தால்? கோவிலில் திருநீறு கொடுத்தால் விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பூசுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு காண்டிராக்டரை நம்பினார். ஊரெல்லாம் சல்லடை போட்டுச் சலித்தவர், தன் சோற்றில் கிடந்த கல்லை மட்டும் கடிக்காமல் விழுங்கிவிட்டார்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டோரம் பிள்ளைக்கு விளை என்று ஒரு மேட்டுப் புன்செய் இருந்தது. எள்ளு விதைத்தால் எள்ளு வராது, கொள்ளு விதைத்தால் கொள்ளு வராது. உடைமரமும் ஓணானும் விதைக்காமலே வந்தன. வயலெல்லாம் உள்ளே குளத்துப் பாசனத்தில் இருந்ததால் அந்த விளையை அவர் அப்பா காலத்திலிருந்தே யாரும் சீந்தியதில்லை. ஆனால் சாரல் விழுந்ததும் குற்றாலத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்கள், தலை நிறைய எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு தங்க இடம் கிடைக்காமல் ரோட்டில் வழிந்துகொண்டு திரிவதைப் பிள்ளை பார்த்தார். அன்றிலிருந்து அவர் மனசில் ஒரு வீடு எழும்ப ஆரம்பித்தது. சீசன் வீடு. முன்னால் இரண்டு அறை, பின்னால் இரண்டு அறை, குளித்துவிட்டு வருகிறவன் கோமணம் காயப்போட ஒரு கொடி. மழை பெய்கிற மாதங்களில் வாடகை வரும். பெய்யாத மாதங்களில் அவரே போய்க் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளலாம். கண் பட்டுவிடும் என்று பெண்டாட்டி அகிலாண்டத்திடம்கூட இதை அவர் சொல்லவில்லை.

ஐம்பத்தொன்பதாம் வருஷம், விளைக்குப் பக்கத்துத் தரிசைச் சம்பளக்காரர்கள் சேர்ந்து வாங்கி, வரிசையாக வீடு கட்ட ஆரம்பித்தார்கள். காலனி என்று பெயர். அந்தக் காலனியைக் கட்ட வந்தவன்தான் காண்டிராக்டர் குத்தாலிங்கம். வாயில் எப்போதும் வெற்றிலை, வெற்றிலை இல்லாத நேரம் வாக்குறுதி.

"அண்ணாச்சி, சும்மா கெடக்குத எடந்தானே. கொத்தனாரும் சித்தாளும் ராத்தங்க ஓலைக் கொட்டகை போட்டுக்கிடுதேன். கட்டடம் முடிஞ்ச மறுநா, கொட்டகை இருந்த தடங்கூட இருக்காது."

"எனக்கு என்னவே லாபம்?"

"ஒங்க சீசன் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டுத் தாரேன். கல்லு, கூலி ஒண்ணும் நீங்க பாக்காண்டாம்."

பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சீசன் வீடா? அது ஒமக்கு யாருவே சொன்னா?"

"ரோட்டோரம் வெளை வச்சிருக்கவன் வேற எதை நெனைப்பான், அண்ணாச்சி?"

மனசுக்குள் இருப்பதை முகத்தைப் பார்த்துச் சொல்லுகிறவனை அந்த நிமிஷமே வாசலோடு அனுப்பியிருக்க வேண்டும். பிள்ளைக்கோ இலவச அஸ்திவாரம் கண்ணை மறைத்துவிட்டது. சரி என்றார்.

கொட்டகை வந்தது. அதற்குள் ஆட்கள் வந்தார்கள். எல்லாரும் சங்கரன்கோவிலுக்கும் கிழக்கே, கரிசக்காட்டுப் பக்கம். மழை எப்படி இருக்கும் என்று பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஊர். தலைக்கொத்தன் பேச்சிமுத்து, அவன் பெண்டாட்டி மாடத்தி, சித்தாள். தலையில் சாந்துச் சட்டி இருந்தாலும் வாய்க்குப் பாரம் கிடையாது அவளுக்கு.

முதல் நாளே பிள்ளை சட்டம் போட்டார். "ஏலே பேச்சி, கேட்டுக்கோ. மண்ணைத் தோண்டி அடுப்பு போடக்கூடாது. மூணு கல்லு வச்சுப் பொங்கணும், விடிஞ்சதும் கல்லைத் தள்ளிப் போட்டிரணும். ஆடு கோழி கூடாது. வேர் விடுத எதையும் இங்கன நடக்கூடாது."

"பிள்ளை பெக்கலாமா மொதலாளி?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. மாடத்திதான்.

"அதுக்கெல்லாம் ஒங்க ஊருக்குப் போயிரணும்!"

தினமும் சாயங்காலம் குடையை ஊன்றிக்கொண்டு விளையைச் சுற்றி வருவது பிள்ளைக்கு வேலையாயிற்று. அதுவரை முழங்கால் வலி என்று வீட்டில் முனகிக்கொண்டு கிடந்தவர், சந்தேகத்தின் பலத்திலே நடந்தார். ஒரு நாள் கொட்டகைக் கூரைமேல் பூசணிக்கொடி படர்ந்திருந்ததைப் பார்த்துவிட்டார்.

"இது என்னட்டி?"

"தானா மொளைச்சுது மொதலாளி."

"தானா மொளைச்சது தானா கூரை ஏறிச்சாக்கும்? ஏணி யாரு வச்சா?"

"கொடிக்கு ஏணி எதுக்கு? மொதலாளி வீட்டு அவரைக்கு நீங்க ஏணியா வைக்கிய?"

காலனி கட்டி முடிந்தது. சம்பளக்காரர்கள் பால் காய்ச்சிக் குடிவந்தார்கள். வாசலில் பெயர்ப் பலகை மாட்டினார்கள். பெயருக்குப் பின்னால், படித்து முடித்ததும் முடிக்காததுமான படிப்பையெல்லாம் எழுதினார்கள். ஜன்னலைத் திறந்தால் குற்றால மலை தெரியும் என்று சொல்லி விற்ற வீடுகள். ஜன்னலைத் திறந்தார்கள். மலைக்கு முன்னால் கொட்டகை தெரிந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த ஆட்கள் எப்போது போவார்கள்?" என்று கேட்டார்கள். கேட்ட கையோடு, பாத்திரம் தேய்க்க மாடத்தியைக் கூப்பிட்டார்கள். முதல் சாரலிலேயே காலனிச் சுவரெல்லாம் வியர்த்து, வெடிப்பு விட்டது. பூசி அடைக்கப் பேச்சிமுத்துவைக் கூப்பிட்டார்கள். ஆக, போகச் சொல்லுகிற வாயும் வரச் சொல்லுகிற வாயும் ஒன்றாகவே இருந்தன.

பிள்ளை குத்தாலிங்கத்தைத் தேடிப் போய்க் கேட்டார். "அடுத்த மாசம் அண்ணாச்சி" என்றான். அடுத்த மாசமும் போய்க் கேட்டார். அதே வெற்றிலை, அதே பதில்.

மறு வருஷம் சாரலுக்கு முன்னால் ஒரு நாள். பிள்ளை விளைக்குப் போனபோது கொட்டகைக் கூரையில் பேச்சிமுத்து உட்கார்ந்திருந்தான். கீழே புத்தம்புதுப் பனையோலை அடுக்கியிருந்தது. பழைய ஓலைக்கு ஒட்டுப் போடுகிறவன் போய்விடுவான். புது ஓலை மாற்றுகிறவன் போகமாட்டான். இதைச் சொல்ல வக்கீல் வேண்டாம்.

போலீசுக்குப் போகலாம். போனால், "இடம் கொடுத்தது யார்?" என்று கேட்பார்கள். ஆளை வைத்துப் பிரிக்கலாம். பிரிக்கிற ஆள் பேச்சிமுத்துவுக்குச் சொந்தக்காரனாக இருப்பான். ராத்திரி முழுக்க யோசித்த பிள்ளை, விடியும்போது ஒரு முடிவுக்கு வந்தார். மனுஷன் சொன்னால் கேட்காதவன், மாடன் சொன்னால் கேட்பான்.

பிள்ளைக்குச் சாமி என்றால் தென்காசிக் கோவில் விசுவநாதர். பிரதோஷத்துக்குப் போவார், சுண்டலைத் தொன்னையோடு வாங்கி, மேலே தேங்காய்ச் சில் கிடக்கிறதா என்று பார்ப்பார். சுடலைமாடனோடு அவருக்குப் பழக்கம் கிடையாது. சின்ன வயசில் சுடுகாட்டுப் பக்கம் போக நேர்ந்தால், மாடன் பீடம் இருக்கிற திசையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவார். அவ்வளவுதான் உறவு. தான் எதற்குப் பயப்படுகிறோமோ அதற்கு ஊரே பயப்படும் என்று நினைத்துக்கொள்வது பெரிய மனுஷர்களுக்கு வருகிற ஒரு வியாதி. அவருக்கும் இருந்தது.

எல்லாரும் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில், விளையின் மூலையில் உடைமரத்துக்குக் கீழே, காலனிக்காரன் அடுக்கிவைத்திருந்த மிச்சச் செங்கலைத் தன் செங்கல்போல எடுத்துவந்து, களிமண்ணைக் குழைத்து, இடுப்பளவு உயரத்தில் ஒரு பீடம் எழுப்பினார். சுண்ணாம்பு அடித்து, காவிப்பட்டை போட்டு, நெற்றியில் சந்தனம் அப்பினார். பிறந்ததிலிருந்து ஒரு செங்கலைத் தூக்கி வைக்காத கை. பீடம் கள்ளுக்கடையிலிருந்து வருகிற ஆள்போலத் தெற்கே சாய்ந்து நின்றது.

சாயங்காலம் ஆட்கள் திரும்பியபோது பிள்ளை ஈர வேட்டியோடு, நெற்றி நிறையத் திருநீறோடு பீடத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஏலே, எல்லாரும் இங்கன வாங்கலே. நேத்து எனக்குச் சொப்பனம். சுடலைமாடன் வந்தான். பனை உசரம். கையில ஈட்டிகணக்கா வல்லயம். 'இது நான் வேட்டைக்குப் போற தடம், இங்கன எனக்கு நிலையம் போடு'ன்னான். போட்டுட்டேன். இனிமே இது அவன் எடம். ராத்திரி இங்கன படுத்துக் கெடந்தா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். தானே கட்டிய பீடத்தை யாராவது தள்ளிவிட்டால், செங்கல் வந்த வழி வெளியே வந்துவிடுமே என்று ஒரு பயம். ஆகையால் கடைசியில் ஒன்று சேர்த்துக்கொண்டார்.

"இந்தப் பீடத்துல கடப்பாரை வைக்குதவன் எவனா இருந்தாலும் காலு வெளங்காமப் போவும். அதையும் மாடன்தான் சொன்னான்."

எல்லாரும் மூட்டையைக் கட்டுவார்கள் என்று பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று மாடத்தி சாந்துச் சட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, பீடத்துக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

"எங்கய்யா! எங்களத் தேடி இம்புட்டுத் தூரம் நடந்தே வந்துட்டியா! ஊர்க் கொடைக்கு வரலையேன்னு கோவிச்சுக்கிட்டு வந்தியா!"

பெண்களெல்லாம் குலவை போட்டார்கள். பேச்சிமுத்து தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அழுதான். கரிசக்காட்டிலிருந்து வந்த அத்தனை பேருக்கும் சுடலைமாடன் குலசாமி. பிழைக்க வந்த இடத்தில் சாமி இல்லையே என்ற ஒரு குறைதான் அவர்களுக்கு இருந்தது. அந்தக் குறையைப் பிள்ளை தன் கையால், தன் செலவில், அடுத்தவன் செங்கலில் தீர்த்து வைத்தார்.

"மொதலாளி, பீடம் கொஞ்சம் கோணலா இருக்கே" என்றான் பேச்சிமுத்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"மாடன் கட்டினது அப்படித்தாம்லே இருக்கும்!"

"மாடன் கட்டுனாரா? நீங்க போட்டதால்லா சொன்னிய."

பிள்ளை குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அந்த வாரமே பேச்சிமுத்து ஊருக்குப் போய், தாய்க்கோவிலிலிருந்து ஒரு பிடி மண்ணை மஞ்சத் துணியில் முடிந்து கொண்டுவந்தான். அந்தப் பிடிமண்ணைப் போட்டால்தான் புதுப் பீடத்தில் சாமி இறங்கும் என்பது அவர்கள் வழக்கம். கடப்பாரை படாமல் பிள்ளையின் களிமண்ணைக் கையாலேயே பிரித்து, பிடிமண்ணை உள்ளே வைத்து, தூக்குக்குண்டு பிடித்து நேராக எழுப்பினான். இதுவரைக்கும் வெறும் தூணாக இருந்ததில் இப்போது ஆள் குடிவந்தாயிற்று. வாடகை இல்லாமல்.

ஆடி கழிந்ததும் மாடனுக்குக் கொடைத் திருவிழா. மேளம், வில்லுப்பாட்டு, கிடா, எல்லாம் இருந்தது. சாமியைக் கண்டெடுத்தவர் என்று பிள்ளையை முன்னால் நிறுத்தி, தலையில் பரிவட்டம் கட்டினார்கள். அகிலாண்டமும் பொங்கப்பானையோடு வந்திருந்தாள். "இங்கேருங்க, நீங்க இந்தச் சாமியை வச்ச பொறவுதானே ஒங்க முழங்காலு வலி போச்சு. நான் நேந்திருந்தேன், ஒங்ககிட்டச் சொல்லல" என்றாள்.

"நடந்ததுல போச்சுட்டி."

"நடக்க வச்சது யாரு?"

மதியக் கொடையில் பேச்சிமுத்துவுக்கு அருள் வந்தது. வல்லயத்தைப் பிடித்துக்கொண்டு குதித்தான். ஒவ்வொருவராக வந்து குறி கேட்டார்கள். பிள்ளைக்கும் ஒரு யோசனை ஓடியது. ஆள் வாயால் முடியாததைச் சாமி வாயால் முடித்துவிட்டால்? பரிவட்டத்தைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனார்.

"மாடா, ஒன் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு எப்பம் ஊருக்குப் போவே?"

சாமி அவரை ஏற இறங்கப் பார்த்தது. திருநீற்றை அள்ளி அவர் நெற்றியில் அறைந்தது.

"ஏலே வல்லிநாயகம்! ஒன் சொப்பனத்துல வந்து நான் என்ன சொன்னேன்? இருக்கேன்னு சொன்னனா, போறேன்னு சொன்னனா?"

மற்ற நாளாக இருந்தால், கூலிக்காரன் வாயிலிருந்து ஒரு 'லே' வந்ததற்கு மேலகரமே இரண்டுபட்டிருக்கும். அன்றைக்குப் பிள்ளை கைகட்டி நின்று, "இருக்கேன்னுதான் சொன்ன" என்றார். வேறென்ன சொல்ல? கூட்டம் குலவை போட்டது.

அதற்கப்புறமும் அவர் விடவில்லை. ஒரு நாள் மாடத்தியிடம் நைச்சியமாகப் பேசிப் பார்த்தார். "ஏட்டி, நீங்க கொண்டாந்தது ஒரு பிடி மண்ணுதானே. இங்கனயிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக்கிட்டு வேற எங்கயாவது போயி வச்சுக்கிட்டா என்ன?"

"தாராளமா எடுக்கலாம் மொதலாளி. ஆனா ஒரு வெளக்குல இன்னொரு வெளக்கைக் கொளுத்தினா மொத வெளக்கு அணைஞ்சா போவுது? பிடிமண்ணு எடுக்க எடுக்க, இதுல்லா தாய்க்கோவில் ஆவும்!"

பிள்ளை அவசரமாக, "ஒரு பிடியும் எடுக்காண்டாம்" என்றார்.

காலனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஓலைக் கொட்டகை தீப்பிடித்தால் தங்கள் வீட்டுக்கு ஆபத்து என்று குத்தாலிங்கத்தைப் பிடித்து உலுக்கினார்கள். மலை தெரியவில்லை என்று சொல்ல வெட்கம், தீயைச் சொன்னார்கள். குத்தாலிங்கத்துக்கு அவர்களிடம் அடுத்த வரிசை வீடுகளைக் கட்டுகிற வேலையைப் பிடிக்க வேண்டியிருந்தது. அன்றைக்குத்தான் அவனாகவே பிள்ளை வீட்டுக்கு வந்தான்.

"அண்ணாச்சி, நானும் பேச்சிகிட்டப் பேசிட்டேன். சாமி எந்திரிச்சா நாங்களும் எந்திரிக்கோம்னு சொல்லிட்டான். பீடத்தை வச்சது நீங்க. வச்ச கைதான் எடுக்கணும். பிறத்தியான் எவனும் தொடமாட்டான். வெள்ளிக்கிழமை காலையில நீங்க எடுங்க. அன்னைக்கே அஸ்திவாரத்துக்குக் கல்லு வண்டியில வந்து எறங்கும். கொட்டகையை நான் பிரிக்கேன். ஒங்க வெளை ஒங்களுக்கு."

"கல்லு நெசமா வருமாவே?"

"சத்தியமா வரும்."

வெள்ளிக்கிழமை. கல் வந்துவிட்டது. வண்டி வண்டியாக, நல்ல கருங்கல், சீசன் வீட்டுக்கென்றே பிறந்த கல். பிள்ளை அதைத் தட்டிப் பார்த்தார், சந்தேகப்பட ஒன்றும் இல்லை. காலனிக்காரர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். விளைக்குள்ளே பேச்சிமுத்துவும் மாடத்தியும் மற்றவர்களும் வரிசையாக நின்றார்கள். யாரும் மறிக்கவில்லை, யாரும் அழவில்லை. மறித்திருந்தால் பிள்ளைக்கு வேகம் வந்திருக்கும்.

அகிலாண்டம் பின்னாலேயே ஓடிவந்தாள். "இங்கேருங்க, வேண்டாம். காலு..."

"சும்மா இருட்டி."

மாடத்தி முன்னால் வந்து, பீடத்துக்குச் சாத்தியிருந்த அரளி மாலையை மெல்ல எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "எடுங்க மொதலாளி. நீங்க வச்சதுதானே. சொப்பனத்துல ஒங்ககிட்டத்தானே சொன்னாரு. எடுக்கச் சொல்லியும் ஒங்ககிட்டச் சொல்லியிருப்பாரு. எங்ககிட்ட ஒண்ணும் சொல்லல."

பிள்ளை கடப்பாரையை ஓங்கினார்.

ஓங்கினபோதுதான் அவர் காதில் அவர் குரலே கேட்டது. கடப்பாரை வைக்கிறவன் எவனாக இருந்தாலும். எவனாக இருந்தாலும் என்று எதற்காகச் சொன்னேன்? 'பேச்சிமுத்து வைத்தால்' என்று சொல்லியிருக்கக்கூடாதா? அது பொய்தான். பொய் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அது தன் களிமண் நின்றிருந்த காலத்துப் பொய். இப்போது உள்ளே அந்தப் பிடிமண் இருக்கிறதே. அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று யாரிடம் போய் விசாரிப்பது? உலகத்தில் எதையும் நம்பாதவருக்கு, தன் பொய் பொய்தான் என்பதையும் அன்றைக்கு நம்ப முடியவில்லை. முழங்காலில் ஒரு சுருக். வருஷக்கணக்காகக் காணாமல் போயிருந்த சுருக், சரியாக அந்த நேரம் பார்த்து வந்து விசாரித்தது.

காலனி பார்த்தது. கரிசக்காடு பார்த்தது. கடப்பாரை மேலேயே நின்றது.

பிள்ளை கடப்பாரையைப் பீடத்துக்கு நான்கடி தள்ளித் தரையில் குத்தினார். நடந்துபோய் இன்னொரு பக்கம் குத்தினார்.

"என்னலே பாத்துக்கிட்டு நிக்கிய?" என்று பேச்சிமுத்துவைப் பார்த்துச் சத்தம் போட்டார். "அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டு. இங்கனயிருந்து அங்கன வரைக்கும். நேத்து மறுபடியும் சொப்பனத்துல வந்தான். நிக்க மேடை இல்லாம காலு வலிக்குதுன்னான்."

"யாருக்கு மொதலாளி, சாமிக்கா?"

"பின்ன எனக்கால?"

குலவைச் சத்தத்தில் காலனியின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. மாடத்தி மடியிலிருந்த மாலையைத் திரும்பச் சாத்தினாள். சீசன் வீட்டுக்கென்று பிறந்த கல்லெல்லாம் பீடத்தைச் சுற்றி இறங்கியது. பேச்சிமுத்து வேலை சுத்தமாகச் செய்வான். ஒரு யானை ஏறினாலும் அசையாத மேடை.

அதற்கப்புறம் நடந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. ஓலை போய் ஓடு வந்தது. மூன்று கல் அடுப்பு மண் அடுப்பாயிற்று. கோழி வந்தது, முருங்கை வந்தது, மாடத்திக்குப் பிள்ளையும் பிறந்தது. காலனிக்குப் பெரிய பெரிய பெயராகத் தேடிப் பலகை எழுதி வைத்தார்கள். பஸ் கண்டக்டருக்கு அதையெல்லாம் படிக்க நேரமில்லை. "மாடன் மேடை எறங்கு" என்றான். எறங்கினார்கள். இப்போது அங்கே குடியிருக்கிற சம்பளக்காரன் கல்யாணக் கடுதாசியிலும் அந்தப் பெயரைத்தான் போட வேண்டியிருக்கிறது. வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் திருநீறுக்கு வருகிறவர்களும் அவர்கள்தான்.

வல்லிநாயகம் பிள்ளை வருஷம் தவறாமல் கொடைக்குப் போய்ப் பரிவட்டம் கட்டிக்கொள்கிறார். மற்ற நாட்களில் சாயங்காலம் குடையை ஊன்றிக்கொண்டு வந்து மேடையில் உட்காருவார். உட்காருகிற அளவுக்காவது தன் இடம் தனக்கு உண்டே என்று.

ஒரு நாள் அங்கே குத்தாலிங்கம் வந்து சேர்ந்தான். பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஓய், அஸ்திவாரம் போட்டுத் தாரேன்னு சொல்லித்தானேவே என் வெளையைக் கேட்டீரு?"

குத்தாலிங்கம் வெற்றிலையைத் துப்பிவிட்டு, மேடைக் கல்லை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினான்.

"போட்டாச்சே அண்ணாச்சி. ஒங்க எடத்துலதான் போட்டிருக்கு, ஒங்க வாயால சொன்ன எடத்துலதான் போட்டிருக்கு. மேல யாரு குடியிருக்கணும்னு நாம பேசிக்கிடவே இல்லையே."